ஒருவருக்கு ஒன்று

1

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

வேலையாட்கள் விசயத்தைப் பார்க்கிற ஆளணிப் பிரிவுப் பெண்மணி ஒருவர். முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு தாள், ஒரு பேனை.

எங்கள் துப்புரவு வேலையின் மேற்பார்வையாளர். பிஜித் தீவுக்காரர். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தரையைக் காலையில் துடைத்தது நான்தான்.

மாணவர் பத்திரிகையின் ஆசிரியர். இருபது, இருபத்தொரு வயதுப் பெண்பிள்ளை.

அவளுக்குப் பக்கத்தில், படம் வரைந்த மாணவன்.

மாணவர் சங்கப் பொறுப்பாளர். இவர் எனக்காக வந்தவராம். நான் கூப்பிடவில்லை.

மேசை நடுவில் ஒரு தொலைபேசி. அதற்குள் மொழிபெயர்க்கிற ஒரு பெண். இந்தியத் தமிழ்.

ஏழாவது நான்.

வெளியே வாங்கில் என் மகள் தர்சினி. பதினைந்து வயது. பதினெட்டு ஆகவில்லை என்று உள்ளே விடவில்லை.

இலங்கையில் எங்கள் ஊரான உடப்பில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நம்ம ஊர் ஆள் அவுஸ்திரேலியாவில் பேப்பர் களவெடுத்துப் பிடிபட்டான்" என்று ஒருவர் பேஸ்புக்கில் போட்டாராம். "நம்ம ஊர் ஆள் வெள்ளைக்காரனை எதிர்த்துப் போராடினான்" என்று இன்னொருவர் போட்டாராம். இரண்டும் பொய். நடந்தது இது.

2

ஆறு வருடமாக இந்தப் பல்கலைக்கழகக் கம்பஸில் தரை துடைக்கிறேன். நூல்நிலைய வாசலில் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது. மாணவர்கள் நடத்துகிற பத்திரிகையை அதில் அடுக்குவார்கள். இலவசம். ஐம்பது ஐம்பதாகக் கட்டி வரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் புதியது வரும். அன்று காலை மிச்சமிருக்கும் பழையதை எடுத்துக் கடதாசித் தொட்டியில் போட வேண்டும். அது என் வேலை.

கட்டுக்கூட அவிழ்க்காத பேப்பரைத் தொட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. ஊரில் கடலை வாங்கினால் யாரோ ஒரு பிள்ளையின் சோதனைத்தாளில் சுருட்டித் தருவார்கள். நாலாம் கணக்குப் பிழை என்று பார்த்துக்கொண்டே தின்போம். சிலாபத்து மீன்கடையிலும் பேப்பர்தான். நமக்குப் பழைய பேப்பர் குப்பை இல்லை. முதல் மாதமே மேற்பார்வையாளரிடம் கேட்டேன். கையைக் காட்டித்தான் கேட்டேன். "டேக், டேக்" என்றார்.

எங்கள் படகில் வந்தவர்களில் பன்னிரண்டு வீடு இந்த நகரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை துறைமுகத்தில் பெட்டியாக மீன் வாங்கிப் பன்னிரண்டு கூறு போடுவோம். கரைவலை இழுத்தால் கயிற்றுக்கு வர முடியாத வீட்டுக்கும் கூறு போகும் அல்லவா, அதே மாதிரி. வேலைக்குப் போனவனுக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கும் உண்டு. ஒவ்வொரு கூறையும் மூன்று பேப்பரில் சுற்றுவோம். ஆறு வருடமாக அந்தப் பேப்பர் கம்பஸ் பேப்பர்தான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கம்பஸில் ஏதோ விழா. அதனால் புதிய பேப்பர் வியாழன் பின்னேரமே வந்துவிட்டது. பழையதை அவர்களே அப்புறப்படுத்திவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தால் திகதி பார்த்திருப்பேன். வெள்ளி காலையில் தட்டில் நாலு கட்டு இருந்தது. ஒருவரும் தொடாத வாரம் போல என்று நினைத்தேன். நாலையும் தள்ளுவண்டியில் வைத்தேன். இருநூறு பேப்பர்.

கமராவில் நான் இருக்கிறேன். ஒளிக்கவில்லை. கமராவுக்குக் கீழே நின்றுதான் அடுக்கினேன்.

3

அடுத்த நாள் சனிக்கிழமை. நாங்கள் இந்த நாட்டில் கரை இறங்கிய நாளும் அந்த வாரத்தில்தான் வருகிறது. வருடா வருடம் அந்தக் கிழமை நல்ல மீனாக வாங்குவோம். இந்த முறை பாரை. செல்லையா மாமா வீட்டுக் கார்க் கொட்டகையில் இரண்டு பேப்பரை விரித்துக் கூறு போட்டோம். கூறு போடுகிறவர் எப்போதும் அவர்தான்.

"மாமா, எனக்கு வால்பக்கம் மட்டும்தானா?" என்று கேட்டான் வைரவன்.

"நீ என்ன வேல செஞ்ச?"

"பெட்டி தூக்கினன்."

"அப்ப பெட்டிய எடுத்துக்கொண்டு போ."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி கமலா குசினியில் கூறைப் பிரித்தாள். சனிக்கிழமைகளில் தர்சினி தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். பள்ளிக்கூட உடுப்பில் மீன் மணம் ஏறுகிறதாம். அன்று தண்ணீர் குடிக்க வந்தவள் மீனுக்குக் கீழே கிடந்த பேப்பரைப் பார்த்தாள்.

"அம்மா, பொறுங்க. வெட்டாதீங்க."

பேப்பரை இழுத்து எடுத்தாள். செதிளைக் கையால் தட்டினாள். அவள் மீன் செதிளைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு படம். வாழைப்பழம் மாதிரி வளைந்த படகு. அதில் பதினொரு பேர். தார் பூசிய கறுப்பு. உதடு பெரியது. கண் வெள்ளை. மூக்கு இல்லை. குரங்கு குந்துவது மாதிரிக் குந்தியிருந்தார்கள். துடுப்புக்குப் பதில் தரை துடைக்கிற மொப்பால் வலித்தார்கள். தலையில் தொப்பிக்குப் பதில் வாளி. கரையில் எங்கள் கம்பஸின் மணிக்கூட்டுக் கோபுரம்.

கீழே எழுதியிருந்ததைத் தர்சினி தமிழில் சொன்னாள். "கம்பஸுக்குப் புது வேலையாட்கள் வந்து இறங்குகிறார்கள். சம்பளம்: வாழைப்பழம்."

"நாங்க வந்த படகும் இப்படியா அப்பா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எத்தின வயசு?"

"மூண்டு."

"இதில நான் எங்க இருக்கன்?"

பகிடியாகத்தான் கேட்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

கமலா மீனைத் தூக்கித் தட்டில் வைத்தாள். "இந்தப் பேப்பரில இனி மீன் வைக்காதீங்க" என்றாள். "மீனுக்கு மரியாதை இல்ல."

4

வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் படகில் நாற்பத்தாறு பேர். இரண்டு வாளி. ஒன்று தண்ணீர் இறைக்க. மற்றது சத்தி எடுக்க. ஒன்பதாம் நாள் முதல் வாளி உடைந்தது. மற்றதாலேயே இறைத்தோம்.

தர்சினியைக் கமலா தன் இடுப்போடு சேலையால் கட்டியிருந்தாள். பதினாறு நாள் அவிழ்க்கவில்லை. காலையில் செல்லையா மாமா ஆள் எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தர்சினியின் பெயருக்குக் கமலா "ஓம்" என்பாள். வெறும் எண்ணிக்கை என்றால் ஆள் குறைந்தது தெரியும், எந்த ஆள் என்று தெரியாது. அதற்குத்தான் பெயர்.

அந்த வாளியைத்தான் அவன் தொப்பியாக வரைந்திருந்தான்.

5

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டார். பேப்பர் எடுத்தாயா என்று கேட்டார். ஓம் என்றேன். பத்திரிகைக்காரர் களவு என்று முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய வாயை அடைக்க ஒருவன் பேப்பரை அப்புறப்படுத்திவிட்டான் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று பின்னேரமே மாணவர் சங்கம் ஒரு போஸ்டர் போட்டது. கமராவில் இருந்த என் முதுகு. "இனவாதப் படத்தைத் தூக்கி எறிந்த தொழிலாளியோடு நிற்கிறோம்." என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

எனக்கு இருந்த பயம் வேறு. எங்கள் விசாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். இந்த முறை வேலை இடத்துக் கடிதமும் கேட்டிருந்தார்கள். நன்றாக நடப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். களவு என்று பதிந்தால் என்ன ஆகும் என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். "பதிய விடாதீர்கள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை தர்சினி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, மீனுக்கு எடுத்தது எண்டு மட்டும் சொல்லாதீங்க."

"அதுதானே நடந்தது."

"ஸ்கூல்ல எல்லாரும் அந்தப் போஸ்டர ஷேர் பண்றாங்க. அது எங்கட அப்பா எண்டு நான் சொல்லிட்டன். ஹீரோ எண்டு நினைக்கிறாங்க. மீன் சுத்த எடுத்தவர் எண்டா..."

"எண்டா?"

"நாறும்" என்றாள்.

மூன்று வயதில் அவள் படகில் நாறினாள். நாற்பத்தைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

6

புதன்கிழமை விசாரணை.

ஆசிரியப் பெண்தான் முதலில் கதைத்தாள். தட்டிலேயே எழுதியிருக்கிறதாம், இலவசம், ஒருவருக்கு ஒன்று. நான் இருநூறு எடுத்தேன். அது பேப்பர்க் களவு மட்டும் இல்லை, பேச்சுச் சுதந்திரத்தைக் களவெடுத்தது. இந்த உரிமைக்காக உலகத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

எனக்கு என் மச்சான் சிவா ஞாபகம் வந்தான். கமலாவின் அண்ணன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இறால் பண்ணைக்காரன் ஒருவன் கழிவுத் தண்ணீரைக் களப்புக்குள் விட்டான். மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. சிவா நோட்டீஸ் எழுதினான். பண்ணைக்காரன் பெயரையும் எழுதினான். நான் கோதுமை மாப் பசை கிண்டினேன். இருவரும் போய் ஒட்டினோம். நாலாம் நாள் அவனைப் பஸ்ஸால் இறக்கி வலது கையை மூன்று இடத்தில் முறித்தார்கள். பசை கிண்டியது யார் என்று கேட்டார்களாம். அவன் சொல்லவில்லை. பொலிஸ் முறைப்பாடு எழுதவில்லை. சிலாபம் ஆஸ்பத்திரியில் கைக்குள் கம்பி வைத்தார்கள். மூன்று மாதத்தில் நான் படகு ஏறினேன். அவன் ஏறவில்லை. ஒரு கையால் கயிறு பிடித்துப் பதினாறு நாள் இருக்க முடியாது.

இந்தப் பிள்ளை எனக்குப் பேச்சுச் சுதந்திரம் படிப்பிக்கிறாள்.

சங்கப் பொறுப்பாளர் எழும்பினார். இது களவு இல்லை, எதிர்ப்பு, இவர் துணிந்த மனிதர் என்றார். ஆளணிப் பெண்மணி கையைக் காட்டி அவரை இருத்தினார். என்னைப் பார்த்து, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"மீன் சுத்த" என்றேன்.

தொலைபேசிப் பெண் திருப்பிக் கேட்டாள். "சார், மீன்... சுத்தறதுக்கா?"

"ஓம்."

"ஓம்னா ஆமாங்களா சார்?"

"ஓம்."

அவள் இங்கிலீஷில் சொன்னாள். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். சங்கப் பொறுப்பாளர் கொப்பியை மூடினார். ஆசிரியப் பெண்ணுக்கு ஆறுதலும் கோபமும் சேர்ந்து வந்தது. வாயை அடைக்கவில்லை என்று ஆறுதல். வாசிக்காமல் மீன் சுற்றினான் என்று கோபம்.

ஆளணிப் பெண்மணிக்கு நல்ல சந்தோசம். முன்னால் இருந்த தாளில் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார். மூன்று வரி. தொலைபேசிப் பெண் கேட்டுச் சொன்னாள். ஒன்று, பேப்பரைத் தவறுதலாக எடுத்தேன். இரண்டு, சொந்தத் தேவைக்கு எடுத்தேன். மூன்று, அதில் இருந்த படம் என் மனதைப் புண்படுத்தவில்லை. கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்தது. விசாவுக்கான கடிதம் வெள்ளிக்கிழமை கையில்.

"முதல் ரெண்டும் சரி. மூண்டாவத வெட்டுங்க."

மூன்றும் சேர்ந்துதான் என்றார்.

"எடுக்கேக்க நான் படத்தப் பார்க்கல்ல. பிறகு பார்த்தன். புண்பட்டன்."

ஆசிரியப் பெண் அவசரமாகக் கதைத்தாள். அந்தப் படம் எங்களுக்கு எதிரானது இல்லையாம். குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கிற நிர்வாகத்தைத்தான் நக்கல் அடிக்கிறதாம். உங்களுக்காகத்தான் போட்டோம் என்றாள்.

"எனக்காக எண்டா எனக்கு மூக்கு வச்சிருக்கலாம்."

தொலைபேசி அதையும் சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வரைந்தவனைப் பார்த்தேன். "தம்பி, படகில எத்தின பேர்?"

"பதினொரு பேர்" என்றான்.

"எத்தின முகம்?"

பக்கத்தில் இருந்த ஆசிரியப் பெண்ணைப் பார்த்தான்.

"என்னைப் பாருங்க. இதில நான் எது?"

அது நீங்கள் இல்லை என்றான். அது யாருமே இல்லை, பொதுவாக வரைந்தது என்றான்.

"வெளியில என்ர மகள் இருக்கிறா. படகில வரேக்க அவவுக்கு மூண்டு வயசு. அவவும் இதத்தான் கேட்டா. நீங்க போய்ச் சொல்லுங்க, நீ யாருமே இல்ல எண்டு."

தொலைபேசிப் பெண் அதைச் சொன்னாள். குரல் மாறியிருந்தது. அவன் கதவைப் பார்த்தான். எழும்பவில்லை.

அதற்குப் பிறகு நான் கதைத்ததுதான் அங்கே நான் அதிகம் கதைத்தது. மச்சானின் கையைச் சொன்னேன். பசையைச் சொன்னேன். "நான் உங்கட பேப்பர ஒளிக்கிற ஆள் இல்ல. நீங்க வரையுங்க. வரையாத எண்டு நான் சொல்லல்ல. ஆனா நோகல்ல எண்டு என்ர பேரில எழுதாதீங்க. அது என்ர வாய். உங்களுக்கு ஒரு பேப்பர் முழுக்க வாய் இருக்கு. எனக்கு இந்த ஒரு வரிதான்."

பேனையை எடுத்தேன். மூன்றாவது வரியைக் குறுக்கே வெட்டினேன். கீழே கையெழுத்து வைத்தேன்.

அப்படியானால் பிரச்சினை முடியவில்லை என்றார் ஆளணிப் பெண்மணி. களவு என்று பதியமாட்டார்களாம். ஆனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். விசாக் கடிதத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

பேப்பரையாவது திருப்பித் தரட்டும், எங்களுக்கு வாசகர் இருக்கிறார்கள் என்றாள் ஆசிரியப் பெண். ஆளணிப் பெண்மணி தலையாட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டேன்.

எல்லாவற்றையும் என்றார். ஒன்று விடாமல்.

மேற்பார்வையாளர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

7

பஸ்ஸில் தர்சினி கேட்டாள். "என்ன சொன்னீங்க?"

"மீனுக்கு எண்டு சொன்னன்."

மூன்று தரிப்பிடம் போகும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு?"

மூன்று வரியையும் சொன்னேன். வெட்டியதையும் சொன்னேன்.

"கடிதம் தருவாங்களா?"

"தெரியாது."

இன்னும் ஒரு தரிப்பிடம் போனது.

"எத்தின வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

மூன்று கட்டு அவிழ்க்காமல் வீட்டில் இருந்தது. நாலாம் கட்டில் பன்னிரண்டு மிச்சம். முப்பத்தெட்டு மீனோடு போய்விட்டது. குப்பை லொறி வெள்ளிக்கிழமைதான் வரும். வியாழன் முழுக்க வீடு வீடாகப் போனோம். நான் மீன் பெட்டியைத் தூக்கினேன். தர்சினி எண்ணினாள்.

"குப்பைக்குள்ள கை விடச் சொல்றியா?" என்றான் வைரவன். "கம்பஸில கால் வச்சதும் உனக்கு மூளை கூடிட்டு."

"எல்லாத்தையும் கேட்டவங்க."

அவன் மனைவி வாளியோடு வந்தாள். "அப்ப குடலும் வேணுமா? அதுவும் அவங்கட பேப்பருக்குள்ளதான் கிடக்கு."

"பேப்பர் மட்டும் போதும் அக்கா" என்றாள் தர்சினி. வாளிக்குள் கை விட்டு அவளே எடுத்தாள். கமலா கொடுத்துவிட்ட றப்பர்க் கையுறை இரண்டாம் வீட்டிலேயே கழன்றுவிட்டது.

செல்லையா மாமா தன் மூன்றையும் கூறு போட விரித்த இரண்டையும் கழுவிக் கொடியில் காயப் போட்டிருந்தார். படத்தை அவருக்குக் காட்டினோம். கண்ணாடி போட்டுப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டார்.

"பேர் என்னவாம் இவங்களுக்கு?" என்று கேட்டார்.

"பேர் இல்லயாம் தாத்தா."

"அப்ப கரை சேர்ந்தது ஆர் எண்டு எப்படித் தெரியும்?" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

8

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தள்ளுவண்டியில் ஏற்றினேன். பள்ளிக்கூடம் விட்டுத் தர்சினி வந்தாள். பள்ளிக்கூட உடுப்போடுதான் வந்தாள். பத்திரிகை அறை இரண்டாம் மாடியில். மின்தூக்கியில் எங்களோடு ஏறியவர்கள் முதலாம் மாடியிலேயே இறங்கிவிட்டார்கள்.

அவிழ்க்காத மூன்று கட்டையும் மேசையில் வைத்தேன். பன்னிரண்டையும் வைத்தேன். பிறகு மீன் பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஐந்து நாள் குப்பையில் கிடந்த பாரை மீன் பேப்பர். ஆசிரியப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடினாள்.

"எண்ணுங்க" என்றாள் தர்சினி. இங்கிலீஷில்தான் சொன்னாள். எனக்கு அது விளங்கியது. மற்றதைப் பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள்.

எண்ணத் தேவையில்லை, இது போதும் என்றாள் அந்தப் பெண்.

"எங்கட அப்பா ஒருவருக்கு ஒன்றுக்கு மேல எடுத்தார் எண்டு நீங்கதானே சொன்னீங்க. எண்ணுங்க."

வரைந்தவன்தான் வந்தான். கட்டுகளை எண்ணினான். பன்னிரண்டையும் எண்ணினான். பிறகு பெட்டிக்குள் கை விட்டான். ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்ததை நகத்தால் பிரித்துப் பிரித்து எண்ணினான். ஒவ்வொன்றிலும் அவனுடைய படகு இருந்தது. மூக்கைப் பொத்தவில்லை. அதை நான் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. விசாக் கடிதம் இதை எழுதும்வரை வரவில்லை. இன்றும் அதே வாசலைத் துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

தர்சினி குசினியில் செதிள் தட்டிய பேப்பர் மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. அது காய்ந்து, விசாத் தாள்களோடு எங்கள் அலுமாரியில் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்று என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். என்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று வரைந்தவன் எண்ணி முடித்தான். தர்சினியைப் பார்த்துத் தொகையைச் சொன்னான்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது.